சேவியர் அண்ணனின் தொண்டைக்காக ஒரு கையேடு

மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவர்களின் பிழைப்பு விசித்திரமானது: எழுதி வைத்ததை ஒருவரும் படிக்க மாட்டார்கள், எழுதாமல் விட்ட ஒரு வரியை மட்டும் ஊரே சேர்ந்து கண்டுபிடித்துவிடும்.

"டாக்குமென்டேஷன்" என்ற சொல் காதில் விழுந்ததும் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போகும் சக ஊழியர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருக்கிறார்களா? அப்படியானால் நீங்கள் நம் கட்சி. பகலில் நான் ஐரோலியில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்குக் கையேடு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் "கத்தரி" என்ற ஓபன் சோர்ஸ் மென்பொருளுக்குச் சம்பளம் இல்லாமல் எழுதுகிறேன். இரண்டிலும் எனக்குக் கிடைக்கும் மரியாதை ஒன்றுதான்.

கத்தரி என்பது துணி வெட்டும் பட்டறைகளுக்கானது. சட்டையின் கை, காலர், முன்பக்கம் என்று அளவுகளைக் கொடுத்தால், துணி வீணாகாமல் எப்படி அடுக்கி வெட்டலாம் என்று திரையில் காட்டும். அதே அளவில் காகிதத்தில் பிரிண்ட்டும் தரும். ஓபன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாரை வேண்டுமானாலும் திட்டலாம். தாராவியில் நம்மவர்கள் நடத்தும், கர்கானா என்று அங்கே சொல்கிற தையல் பட்டறைகள் பலவற்றில் இதுதான் ஓடுகிறது. இதற்கு எல்லோரும் சேர்ந்து தமிழில் ஒரு கையேடு எழுதுவோம் என்று ஆள் திரட்டக் கிளம்பியவள் நான்.

நடமாடும் கையேடு

சேவியர் அண்ணனுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, வீடு டோம்பிவிலி, வாழ்க்கை லோக்கல் ரயிலில். தாராவிப் பட்டறைகளுக்குத் தையல் மெஷினும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்ப்பது தொழில். அங்கே கத்தரியைக் கொண்டு வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டவர் அவர்தான். அதற்கென்றே தனியாக ஒரு பழைய ஃபோன் வைத்திருந்தார். காலையில் டோம்பிவிலியில் நசுங்கிக்கொண்டு ஏறியதுமே அது அடிக்க ஆரம்பிக்கும். ஒரு கை மேலே பிடித்திருக்க, இன்னொரு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, ரயில் சத்தத்துக்கும் மேலே கத்திக் கத்தி, "அந்த ஓரத்துல பாருங்க, சின்னதா ஒரு பெட்டி தெரியுதா" என்று தாராவிக்கு இறங்கும் சயான் வரும்வரை வகுப்பு நடக்கும். அந்த ரயில் பெட்டியில் தினமும் வருகிறவர்களுக்கு, பாஷை புரியாவிட்டாலும், இந்நேரம் கத்தரி ஓட்டத் தெரிந்திருக்கும்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. கையேட்டுக்கு எதிரி சோம்பேறி இல்லை. கேட்ட உடனே ஓடி வந்து உதவி செய்கிற நல்ல மனிதர்தான் எதிரி. அவர் இருக்கும்வரை யாரும் எழுத மாட்டார்கள், எழுதினாலும் யாரும் படிக்க மாட்டார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையாவது எழுதித் தாருங்கள் என்று நான் அவரிடம் கெஞ்சாத நாள் கிடையாது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

"எழுதி என்ன செய்யப் போற தங்கச்சி? என் நம்பர்தான் எல்லார்ட்டயும் இருக்கே."

டாக்டர் போட்ட பூட்டு

குளிர்காலத்தில் அவர் குரல் கரகரத்தது. மழை முடிந்த தூசி என்றார். பிறகு மிட்டாய் வாங்கிச் சப்பினார். பிறகு சர்ச் பாட்டுக் குழுவில் உச்சஸ்தாயி வரும் இடங்களை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உதடு மட்டும் அசைத்தார். அப்புறம்தான் டாக்டரிடம் போனார். கத்திக் கத்தியே தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசு என்றுகூடப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். மீறினால் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஈஸ்டருக்குப் பாடிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன் என்று நாள் குறித்துக்கொண்டு வந்தார்.

ஈஸ்டர் முடிந்தால் தாராவியில் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நகரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சட்டையும் பாவாடையும் வெட்டியாக வேண்டும். சேவியர் அண்ணனின் ஃபோன் மூச்சு விடாமல் அடிக்கும் மாதம் அது. போதாததற்கு, அதே சமயத்தில்தான் கத்தரியின் புதிய பதிப்பும் வரவிருந்தது. அவருக்கு ஆபரேஷனைப் பற்றிப் பயமே இல்லை. வேறு பயம்.

"பேசாம இருந்துருவேன் தங்கச்சி. ஆனா ஒருத்தன் முழிச்சுக்கிட்டு நிக்கான்னு தெரிஞ்சா, எப்படிச் சொல்லாம இருக்க?"

அன்றைக்கு நான் முடிவு செய்தேன். ஈஸ்டருக்குள் கையேடு வந்தாக வேண்டும். யார் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

செம்பூர் மாநாடு

முதல் காரியமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு டியூஷன் சென்டரின் அறையைக் கேட்டு வாங்கி, "கையேடு எழுதும் கூட்டம்" என்று அறிவித்தேன். அறை நிரம்பிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் கையேட்டை எந்த மென்பொருளில் எழுதுவது என்று விவாதித்தார்கள். அடுத்து, கையேட்டுக்கு லோகோ வேண்டுமா என்று விவாதித்தார்கள். வடாபாவ் வந்தது. வடாபாவ் தீர்ந்தது. ஒருவர் முகப்புப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டு, பங்களிப்பாளர் பட்டியலில் தன் பெயர் எப்போது வரும் என்று விசாரித்தார். சாயங்காலம் நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கையேட்டில் இருந்தது அந்தக் காற்புள்ளி மட்டும்தான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு பெண் உண்மையான சந்தோஷத்தோடு என்னிடம் சொன்னாள்.

"செம கூட்டம் அக்கா. அடுத்தது எப்போ?"

மாட்டுங்காவில் ஒரு ஒப்பந்தம்

கூட்டத்துக்கு வராமல் வேலைக்கு வந்தவர் ஒருவர்தான். வெங்கட்ராமன் சார், மாட்டுங்காக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதுவதைத் திருத்தித் தருகிறேன் என்று தானாக முன்வந்தார். எதை எழுதுவது என்று எனக்கும் ஒரு வழி கிடைத்திருந்தது. பட்டறைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சேவியர் அண்ணன் இத்தனை காலம் போட்ட வாய்ஸ் மெசேஜ்கள் அப்படியே கிடந்தன. ரயில் சத்தத்துக்கும் டீ விற்கிற குரலுக்கும் நடுவே அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதியதை சாருக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்ததைப் பார்த்தால், பிரிண்ட் என்ற இடத்தில் எல்லாம் "அச்சிடுக", ஃபைல் எல்லாம் "கோப்பு". எனக்கும் தமிழ்ப்பற்று உண்டு. ஆனால் தாராவியில் எல்லோரும் கத்தரியை இங்கிலீஷ் பட்டன்களோடுதான் ஓட்டுகிறார்கள். கையேட்டில் "அச்சிடுக" என்று படித்துவிட்டு அந்தப் பெயரில் ஒரு பட்டனைத் திரையில் தேடினால் சீசனே முடிந்துவிடும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கே போய்விட்டேன். "இது என்ன பாஷை கவிதா? பிரிண்ட்டை அமுக்குங்கோன்னா எழுதறது?" என்றார். ஃபில்டர் காபி இரண்டு முறை வந்தது. நான் அசையவில்லை. கடைசியில் திரையில் கத்தரியைத் திறந்து, உங்கள் பக்கத்தைப் பார்த்து நீங்களே ஒரு சட்டையை பிரிண்ட் எடுங்கள் சார் என்று மௌஸை அவர் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் தேடினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி தேடினார். பெரிய மனசு அவருக்கு, சிரித்துவிட்டார்.

"சரி. பட்டன் உன்னோடது. முற்றுப்புள்ளி என்னோடது. அதுல நீ கை வைக்கப்படாது."

அவர் எல்லா இடத்திலும் நீளமான என் வாக்கியங்களை வெட்டி முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டே போனார். ரொம்பத்தான் வைக்கிறார் என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமியார் வாசிக்க, மருமகள் அமுக்க

தாராவியில் செல்வி அக்காவின் பட்டறை ஒரு ஏணி ஏறிப் போனால் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தையல்காரியாக ஆரம்பித்து, இன்று பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் வெட்டிக் கொடுக்கிற முதலாளி. கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். தொட்டால் கெட்டுவிடும் என்று நினைப்பு. கம்ப்யூட்டர் ஓட்டுவது மருமகள் ப்ரீத்தி. தாராவியிலேயே பிறந்து வளர்ந்த பெண், படித்தது ஹிந்தி மீடியம். தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்த இரண்டு பேரில் யார் என் கையேட்டைப் படிக்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முதல் சில பக்கங்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, ஓரமாக ஒரு துணி மூட்டையில் உட்கார்ந்து பார்த்தேன்.

செல்வி அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பிடித்துச் சத்தமாக வாசித்தார். ப்ரீத்தி திரையைப் பார்த்துக்கொண்டு அமுக்கினாள். இப்படித்தான் அந்தப் பக்கத்தில் பாதிப் பட்டறைகள் நடக்கின்றன: படிக்கத் தெரிந்தவருக்குக் கம்ப்யூட்டர் வராது, கம்ப்யூட்டர் வருகிறவருக்குத் தமிழ் படிக்க வராது. என் கையேட்டுக்கு வாசகர் ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒருவருக்குக் கண், இன்னொருவருக்குக் காது. "மேலே உள்ள படத்தில் காட்டியபடி" என்று நான் எழுதியிருந்த இடத்தில் அக்கா நிறுத்தி, காகிதத்தைத் திருப்பிப் ப்ரீத்தியிடம் காட்ட, அவள் திரையை விட்டுத் திரும்ப, எல்லாம் கலைந்துபோனது. ஆனால் வெங்கட்ராமன் சார் முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் அக்கா மூச்சு வாங்கினார். அந்த மூச்சு வாங்கும் நேரத்தில் ப்ரீத்தி அமுக்கி முடித்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு வேலை, வரி முடிந்தால் முற்றுப்புள்ளி, படத்தைப் பார் என்ற பேச்சே கிடையாது. எழுதி முடித்ததும் உரக்க வாசித்துப் பார்த்த பிறகுதான் எதையும் ஏற்றுக்கொள்வது என்று குழுவுக்குச் சட்டம் போட்டேன். மாநாட்டுக்கு வந்த பிள்ளைகளில் சிலருக்கு இது பிடித்துப்போய், ஃபோனிலேயே ஒருவர் வாசிக்க இன்னொருவர் அமுக்க, ஒவ்வொரு பக்கமாகச் சோதித்துக் கொடுத்தார்கள். எழுதாதவர்கள் வாசித்தார்கள், வேலை நடந்தது. மாற்றி எழுதியதைச் செல்வி அக்காவிடம் கொண்டு போனபோது ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு நிறுத்தினார். "இது நம்ம சேவியர் பேசுத மாதிரில்லா இருக்கு" என்றார். நான் கிளம்பும்போது ப்ரீத்தி வாசல்வரை வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு காதோரம் சொன்னாள்.

"அக்கா, கல்யாணம் ஆனதுலேர்ந்து அத்தே சொல்ற எல்லாத்தையும் நான் அப்படியே கேட்டது இதுதான் ஃபர்ஸ்ட் டைம்."

பட்டன் நகரக் கூடாது

கத்தரியின் புதிய பதிப்பைத் தயார் செய்துகொண்டிருந்தவன் அமேய். மராட்டிக்காரப் பையன், ஐரோலியில் என் அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில் வேலை. தங்கமான பிள்ளை, ஆனால் திரையில் ஒரு பட்டன் ஒரே இடத்தில் இரண்டு மாதம் இருந்தால் அவனுக்குக் கை துறுதுறுக்கும். ஈஸ்டர் நெருங்கும் சமயத்தில், பிரிண்ட் பட்டனை ஓரத்திலிருந்து எடுத்து ஒரு மெனுவுக்குள் மறைத்து வைத்திருக்கிறேன், பார்க்க அழகாக இருக்கிறது என்று சோதனைப் பதிப்போடு செய்தி அனுப்பினான். அது நகர்ந்தால் நான் எழுதியதில் பாதிப் பக்கம் பொய். இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் கட்டடத்துக்கே போனேன். பயன்படுத்துகிறவர்கள் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்று ஹிந்தியில் எனக்கு ஆறுதல் சொன்னான்.

நான் வாதாடவில்லை. செல்வி அக்காவும் ப்ரீத்தியும் அவனுடைய புதிய திரையை ஓட்டிப் பார்த்ததை ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தேன், அதைப் போட்டேன். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வாசிக்கும் குரல், மௌஸ் சத்தம், வாசிக்கும் குரல், மௌஸ் சத்தம் என்று போய்க்கொண்டே இருந்தது. பிரிண்ட் வந்த இடத்தில் வாசிப்பு நின்றது, மௌஸ் நின்றது, ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு செல்வி அக்காவின் குரல்: "எங்கட்டி? எங்க போச்சு?" மறுபடியும் ஒன்றுமில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு அதைக் கடைசிவரை கேட்டான். மராட்டியில் அக்காவைத் தாயி என்பார்கள். என்னை அவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டான். சரி, பட்டன் அங்கேயே இருக்கும் என்றான், ஹிந்தியில்.

"டீக் ஹை தாயி, பட்டன் வஹீன் ரஹேகா."

குர்லா பாலத்தில் ஒப்படைப்பு

ஈஸ்டர் முடிந்தது. கையேடு வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் சேவியர் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: கத்தரி ஃபோன் அவரிடம் இருக்கவே கூடாது. இருந்தால் எடுப்பார், எடுத்தால் பேசுவார். கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போக, பையிலிருந்து அந்தப் பழைய ஃபோனை எடுத்தார். கொடுக்க மனசில்லாமல் சட்டையில் துடைத்தார். பிடுங்காத குறையாக நான் வாங்கிக்கொண்டேன். பொல்லாதவள் என்று நினைத்திருப்பார். நினைத்தால் நினைக்கட்டும். அவர் மறுபடி பாட வேண்டும், எனக்கு அதுதான் கணக்கு.

மறுநாளிலிருந்து அது என் பையில் அடித்தது. நான் எடுத்து, என்ன பிரச்சினை என்று கேட்டு, விளக்கம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அதற்கான பக்கத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "வாசிக்க ஒருத்தர், அமுக்க ஒருத்தர் உக்காருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். வாய் துறுதுறுக்கத்தான் செய்தது. நானும் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு சேவியராகிவிடுவேன், அப்புறம் என் தொண்டைக்கு யார் கையேடு எழுதுவது? முதல் வாரம் ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு பட்டறைக்காரர் என்னோடு கோபித்துக்கொண்டார்.

"நான் கேட்டது பதில், நீங்க அனுப்பறது பாடம்."

ஆனால் அவர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. படித்துக்கொண்டார் என்று அர்த்தம். அல்லது என்னை வெறுத்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டும் எனக்குச் சம்மதம்.

இருபது அங்குலம்

சீசன் சூடு பிடித்த நேரத்தில் செல்வி அக்கா கூப்பிட்டார். புதிய பதிப்பு ஏற்றியதும் பிரிண்ட் சரியான அளவில் வருகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அதற்குக் காகிதத்தில் ஒரு நீளக் கோடு வரும். டேப்பால் அளந்தால் இருபது அங்குலம் இருக்க வேண்டும். "இருபது வராவிட்டால் துணியை வெட்டாதீர்கள்" என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அக்காவுக்குப் பத்தொன்பதரை வந்தது. எத்தனை தடவை எடுத்தாலும் பத்தொன்பதரை. கையேட்டில் எழுதியிருக்கிறது என்று வெட்டாமல் நிறுத்திவிட்டார். கையேட்டில் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை, அது இப்படியா வந்து முடிய வேண்டும்? மேஜைமேல் துணி விரித்தபடி கிடந்தது, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். "நான் சேவியர் வீட்டுக்கே போறேன். அவன் பேச வேண்டாம், தலைய ஆட்டுனா போதும்" என்றார். தலையை ஆட்டுவதோடு நிறுத்துகிற ஆளா அவர்? நான் வருகிறேன், அதுவரை ரயில் ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தில் வயிற்றுவலி என்று பொய் சொல்லி, ஐரோலியிலிருந்து தாணே போய், அங்கே மாறி சயானில் இறங்கி ஓடினேன்.

கத்தரியில் எல்லா அமைப்பும் சரியாக இருந்தது. பிரிண்டரும் சரி. மறுபடி எடுத்தோம். கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி அக்கா அளந்தார், பத்தொன்பதரை. ப்ரீத்திக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்தில் மகளின் ஸ்கூல் பை கிடந்தது. அதிலிருந்து ஒரு அடி ஸ்கேலை உருவி, கோட்டின்மேல் வைத்து ஒரு குறி போட்டு, மறுபடி வைத்தாள். சரியாக இருபது. மூன்று பேரும் அந்த டேப்பைப் பார்த்தோம். அக்கா பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து கழுத்தில் கிடந்து, இழுத்து இழுத்து, துணி டேப் நீண்டுபோயிருந்தது. இந்தச் சோதனையைச் சேவியர் அண்ணன் ஒவ்வொரு பட்டறையிலும் தன் பையில் இருக்கும் இரும்பு ஸ்கேலால் தானே செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ப்ரீத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கையால் செய்ததை வாயால் எந்த மெசேஜிலும் சொல்லவில்லை, அதனால் நான் எழுதவும் இல்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி.

அங்கேயே அந்த வரியைச் சேர்த்தோம். ப்ரீத்தி ஃபோனைப் பிடித்துக்கொண்டு பேச, அது எழுத்தாக மாறி வந்தது: பழைய துணி டேப் வேண்டாம், ஸ்கேல் வைத்து அளங்கள், ஸ்கேல் இல்லாவிட்டால் ஸ்கூல் பையில் பாருங்கள். வெங்கட்ராமன் சார் மாட்டுங்காவிலிருந்தே ஒரு முற்றுப்புள்ளியோடு ஒப்புதல் கொடுத்தார். கையேட்டின் பங்களிப்பாளர் பட்டியலில், தமிழ் படிக்க வராத ப்ரீத்தியின் பெயர் அன்றைக்கே ஏறியது. ஆட்கள் எழுந்து வேலையில் இறங்கினார்கள். செல்வி அக்கா மட்டும் டேப்பைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, முகம் சுருங்கி நின்றார். "அப்ப இத்தன வருசமா நான் தச்சதெல்லாம்?" என்றார் மெதுவாக. மருமகள் கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் அதே டேப்பாலதானே அளந்தீங்க அத்தே. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சரியாத்தான் இருக்கும்."

அடிக்காத ஃபோன்

பள்ளிக்கூடங்கள் திறந்தன. முதல் மழையில் நனைந்துகொண்டே, நமக்குத் தெரிந்த பட்டறைகளில் வெட்டிய சட்டைகள் தெருவில் ஓடின. சேவியர் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் மாதத்தைக் கடந்துவிட்டார். டாக்டர் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது, மெதுவாகப் பேசலாம், பிறகு பாடவும் செய்யலாம் என்று சொன்னாராம். குர்லா பாலத்தில் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். பேச்சை மிச்சம் பிடிக்கும் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது, கைகூப்பிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து எனக்குக் கூப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்ட அவருடைய முதல் பேச்சு அது. குரல் தெளிவாக, கரகரப்பு ஒரு துளியும் இல்லாமல் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் நன்றி சொல்லக் கூப்பிடவில்லை. குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்டார்: "தங்கச்சி, இந்த ஃபோன் என்ன ரிப்பேரா? கொடுத்ததுலேர்ந்து அடிக்கவே இல்லையே." ரிப்பேர் இல்லை அண்ணா என்றேன். டோம்பிவிலியிலிருந்து சயான்வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாராம். அவருடைய ரயில் பெட்டி ரொம்ப நாளாக அவ்வளவு அமைதியாக இருந்ததில்லையாம். ஒரு மனிதரைக் காப்பாற்றக் கிளம்பி அவரை வேலையில்லாதவராக்கிவிட்டோமோ என்று அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

மறுநாள் காலையில் அவரே மறுபடி கூப்பிட்டார். ஃபோன் அடித்ததாம். முல்லுண்ட் தாண்டும்போது அடித்ததாம். செல்வி அக்கா. ஆவலாக எடுத்து, "சொல்லுங்கக்கா, எங்க நிக்கிது? பிரிண்ட்டா, அளவா?" என்று ஆரம்பித்துவிட்டாராம். அக்கா சொன்ன பதிலை எனக்கு அப்படியே அவர் குரலிலேயே நடித்துக் காட்டினார்.

"ஒண்ணும் நிக்கலப்பா, எல்லாம் ஓடுது. நீ பேசுதியாமே, அதான் குரலக் கேப்போம்னு கூப்பிட்டேன்."

இத்தனை பேர் சேர்ந்து இத்தனை நாள் பாடுபட்டதன் பலன் ஒரு நல்ல மனிதரின் ஃபோன் அடிக்காமல் போனதுதான் என்றால், நம் தொழிலில் அதற்குப் பெயர்தான் வெற்றி.